நொடியில் சாம்பலாகாத ஊர்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரி மேல் அணுகுண்டு விழுவதாக ஒரு சிறுகதை எழுதி இணைத்திருக்கிறேன். ஒரே நொடியில் ஊர் ஆவியாகிறது, கல்லில் நிழல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நாயகன் அயோடின் மாத்திரை போட்டுப் பிழைக்கிறான். நூறு வருடம் புல் முளைக்காத மண்ணில் அவனுடைய பேத்திக்கு ஊனமுற்ற குழந்தை பிறப்பதோடு கதை முடிகிறது. அறிவியல் சரிதானா? ஒரு போட்டிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன், அனுப்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

மீன் அங்காடியில் பெண்கள் விலை பேசும் முதல் நான்கு பக்கங்களை இரண்டு முறை படித்தேன். காது கொடுத்துக் கேட்டவர் எழுதிய பக்கங்கள். குண்டு விழுந்த பிறகு அந்தக் காது எங்கே போயிற்று? ஐந்தாம் பக்கத்திலிருந்து மேடைப் பேச்சாகிவிட்டது. "ஒரே நொடியில் எல்லாம் சாம்பல்" என்ற வாக்கியத்தோடு எனக்கு ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000. இவர்களில் பலர் அன்றைக்கே சாகவில்லை. மணிக்கணக்கில், நாள்கணக்கில், வாரக்கணக்கில் செத்தார்கள். நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போனது இந்த வாரங்களைத்தான். வங்கிப் படிக்கட்டில் பதிந்த நிழலும் மனிதன் ஆவியானதற்குச் சாட்சி இல்லை. குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்கீழே இருந்த தரையிலிருந்து 260 மீட்டரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கல்லை வெப்பஒளி வெளுக்க வைத்தது, உடம்பு மறைத்த இடம் கருமையாக நின்றது. உடம்பு கருகிக் கிடந்திருக்கும், காற்றில் மறைந்திருக்காது.

உங்கள் கதையில் வரும் புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். அதே 15 கிலோடன் குண்டு, அதாவது பதினைந்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் வலு, பெரிய மார்க்கெட்டுக்கு மேலே 600 மீட்டர் உயரத்தில் வெடிக்கிறது. சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வரை சாதாரண வீடுகள் நிற்காது. புல்வார்டுகள் என்ற சுற்றுச் சாலைகளுக்குள் இருக்கும் பழைய ஊர் முழுக்க, பூங்காவை ஒட்டிய அரசு பொது மருத்துவமனை உட்பட, இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அதன் விளிம்பில் ஒரு கணம் அடிக்கும் காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர். தானே புயல் கரையேறியபோது அடித்தது 140ஐ ஒட்டி. தகடும் ஓடும் எப்படிப் பறந்தன என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வெளியில் நிற்பவருக்குத் தோலின் முழு ஆழத்துக்கும் தீக்காயம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை.

கண்ணாடி நான்கரை கிலோமீட்டர் வரை உடையும். வெளிச்சம் உடனே வரும், அதிர்வு நடந்து வரும்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று நொடி. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு நொடி கிடைக்கும். அந்த நொடிகளில் மனிதன் என்ன செய்வான்? "என்னது அது?" என்று ஜன்னலுக்கு வருவான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. காயம்பட்ட ஆயிரத்து ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் கண்ணாடியால்தான் காயப்பட்டார்கள். மின்னல் போல ஒரு வெளிச்சம் வந்தால் ஜன்னலை விட்டு விலகித் தரையில் குப்புறப் படுத்து, தலையைக் கையால் மூட வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. உங்கள் நாயகன் மாடிக்கு ஓடுகிறான், முட்டாள்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். உங்கள் கதையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒரு நர்ஸ் இல்லை. ஒரு டிரிப் பாட்டில் இல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் நாற்பது சதவீதம் தீக்காயம் என்று வையுங்கள். வெந்த உடம்பிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் நின்று, ஓரிரு நாளில் சாவு. எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதற்கு பார்க்லேண்ட் கணக்கு என்று ஒன்று உண்டு: நான்கு மில்லி, எடை, தீக்காய சதவீதம், மூன்றையும் பெருக்க வேண்டும். 4 × 60 × 40. ஒன்பதாயிரத்து அறுநூறு மில்லி. டிரிப்பில் ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) உப்புக் கரைசலின் அரை லிட்டர் பாட்டிலில் பத்தொன்பது முடிந்து இருபதாவது தொடங்கும். இது ஒரே ஒரு ஆளுக்கு முதல் நாளில். அதிலும் பாதி, காயம்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். சிறுநீர் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவர் கூடவே இருந்து பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நூறு பேர் வந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாட்டிலுக்கு மேல். ஆயிரம் பேர் வந்தால் பத்தொன்பதாயிரம். கண்ணாடி சிதறிய, கரண்ட் போன, தண்ணீர் மோட்டார் நின்ற ஆஸ்பத்திரியில். ஹிரோஷிமாவில் டாக்டர், நர்ஸ்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயப்பட்டோ போயிருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அணுகுண்டைப் பற்றி எழுதக் கூடாது என்பேன். நொடியில் எல்லாம் முடிந்துவிடும் என்றால் பாட்டில் எங்கே, படுக்கை எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. குண்டு வைத்திருக்கும் எல்லா அரசுகளுக்கும் அந்த வாக்கியம் பிடிக்கும். நீங்கள் அவர்களுக்கு இலவசமாக எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள், தம்பி.

இடிந்த வீடுகளுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்பதையும் மறந்துவிட்டீர்கள். ஹிரோஷிமாவில் தனித்தனித் தீக்கள் அரை மணி நேரத்துக்குள் ஒன்றுசேர்ந்து பதினோரு சதுர கிலோமீட்டரை எரித்தன. கதிர்வீச்சு நொடியில் பட்டுவிடும், அதன் நோய் இவ்வளவுக்கும் பிறகு தெரிவது. வாந்தி எடுத்தவர் இரண்டு நாளில் தேறி எழுந்து சாப்பிடுவார், வீட்டார் கும்பிடு போடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், ஈறில் ரத்தம் வரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது நின்றிருக்கும். அந்தத் தேறிய வாரத்தை எழுதிப் பாருங்கள்.

அயோடின் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். அது தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் புகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் காமாக் கதிருக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது.

நாயகனைப் பிழைக்க வைக்க வேண்டுமானால் சுவர் வேண்டும். நெருப்புக்கோளம் தரையைத் தொட்டால்தான் மண் உறிஞ்சப்பட்டுக் கதிரியக்கத் தூசாகப் பக்கத்து ஊர்களில் கொட்டும். உயரத்தில் வெடித்தால் உள்ளூரில் அது மிகக் குறைவு, ஹிரோஷிமாவில் கரியும் கதிரியக்கத் தூசும் கலந்து பெய்த கறுப்பு மழை போல. மேலே நான் போட்ட கணக்கு உயரத்தில் வெடிப்பதற்கு; உங்கள் கதையில் தரையில் வெடிக்கிறது, ஆகவே தூசு உண்டு. அதன் வீரியம் நேரம் ஏழு மடங்காகும்போது பத்தில் ஒன்றாகும்: ஒரு மணி நேரத்தில் இருந்தது ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒன்று, இரண்டு நாளில் நூறில் ஒன்று. முதல் 24 மணி நேரம்தான் உயிர். கீற்றுக் கூரையும் தகரமும் மறைக்காது. ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் அல்லது ஒன்பது சென்டிமீட்டர் கெட்டி மண் கதிரைப் பாதியாக்கும், அதே கனம் இன்னொரு முறை சேர்ந்தால் கால்வாசி. மாடிக் கட்டடத்தில் மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் தூரமாக, நடு அறையில் இருக்க வேண்டும். வெளியே நின்றிருந்தால் மேல் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். உடுப்பைக் கழற்றினாலே தூசில் பெரும்பகுதி போய்விடும். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின்போது அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே மீன்பிடித்த ஜப்பானியப் படகின் 23 பேருக்கு இது தெரியாது. வெள்ளைப் பவளச் சாம்பல் தலையிலும் கழுத்திலும் படிந்தபடியே வேலை செய்தார்கள். ரேடியோ இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். உங்கள் முதுநகர் விசைப்படகுகளில் ஒன்றைக் கதைக்குள் விட இடம் இருக்கிறது.

புல் விஷயம்: எழுபத்தைந்து ஆண்டு எதுவும் முளைக்காது என்று அங்கேயும் வதந்தி இருந்தது. முதலில் பூத்தவற்றில் அரளியும் ஒன்று, இன்று அதுதான் ஹிரோஷிமாவின் நகர மலர்.

பேத்தியின் குழந்தை பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிழைத்தவர்களுக்குப் பின்னால் பிறந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பரம்பரையாக இறங்கும் குறை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. வெடித்த நேரத்தில் வயிற்றில் இருந்த சிசுக்கள் வேறு, குறிப்பாக எட்டு முதல் பதினைந்து வாரக் கருவில் இருந்தவர்கள். அவர்களில் சிலர் சிறிய தலையோடு, மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். ஆனால் "அந்த வீட்டில் பெண் எடுக்காதே" என்ற பேச்சு ஜப்பானில் எத்தனையோ கல்யாணங்களை நிறுத்தியது. உங்கள் முடிவு அந்தப் பேச்சுக்குத் துணை போகிறது. வெட்டிவிடுங்கள்.

போட்டிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம். அதற்கு முன் காற்றைத் திருத்துங்கள். ஆடி மாதம் மேற்குக் காற்று தூசைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடியில் தரையை ஒட்டி அடிப்பதுதான் மேற்குக் காற்று. குண்டின் காளான் மேகம் பத்துக் கிலோமீட்டருக்கு ஏறும், அந்த உயரத்தில் அப்போது அடிப்பது கிழக்குக் காற்று. மேலே ஏறிய தூசு கடலுக்குப் போகாது, மேற்கே வில்லியனூர் பக்கம் வரும்.