பாரிஸ் வேட்டை அருங்காட்சியகம்: ஆறு வயது மகளோடு போகலாமா?

வணக்கம். பாடம் செய்த விலங்குகளைப் பார்த்து மகள் பயந்துவிடுவாளோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் முதலிலேயே சொல்லித் தயார்படுத்திவிடுங்கள்.

பாரிஸின் மரே பகுதியில், 17ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் கட்டிய மாளிகையில்தான் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. வேட்டையில் ஆர்வம் கொண்ட சோமர் தம்பதி தொடங்கியது, 1967இல் திறக்கப்பட்டது. வழக்கமான கண்ணாடிப் பெட்டி வரிசை கிடையாது. பிரபுவின் வீட்டுக்குள் விலங்குகள் குடிவந்துவிட்ட மாதிரி இருக்கும். நாற்காலியில் ஒரு நரி சுருண்டு தூங்கும். அதை முதலில் காட்டுங்கள், பயம் பாதி போய்விடும்.

குழந்தைகளுக்கு அங்கே உண்மையான விருந்து மர அலமாரிகள்தான். ஓநாய், காட்டுப்பன்றி என்று விலங்குக்கு ஒரு அலமாரி. இழுப்பறையை இழுத்தால் கால்தடத்தின் அச்சு, எச்சத்தின் அச்சுகூட இருக்கும்! அவசரப்படுத்தாதீர்கள், ஒவ்வொன்றாக அவளே திறக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் பனிக்கரடி ரொம்பப் பெரியது. வேட்டைப் பரிசுகள் மாட்டிய அறையில் இயந்திரத்தால் இயங்கும் ஒரு வெள்ளைப் பன்றித் தலை திடீரென்று வாயசைத்துப் பேசும். அந்த அறைக்கு உங்கள் மூத்த மகனை மட்டும் உங்களில் ஒருவர் கூட்டிப் போகலாம். மகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

திங்கட்கிழமை விடுமுறை. மெட்ரோவில் ராம்புத்தோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.