பழைய 10 மெகாபிட் ஈதர்நெட் அட்டை புதிய சுவிட்சில் ஏன் தடுமாறுகிறது?

பழைய அட்டையைப் புதிய சுவிட்சுகளில் இணைத்துப் பார்த்த ஒருவர் கேட்ட கேள்வி இது. அதில் இரண்டு குறைகள் சொல்லப்பட்டுள்ளன: ஒரு சுவிட்சில் இணைப்பு விளக்கே எரியவில்லை, இன்னொன்றில் விளக்கு எரிந்து பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) பதிலும் வருகிறது, ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் வேகம் படுத்துவிடுகிறது. இவற்றின் காரணங்கள் வேறு வேறு.

விளக்கு எரியாவிட்டால், 2.5 அல்லது 10 ஜிகாபிட் போர்ட்டுகளில் பல 10 மெகாபிட் வேகத்தைக் கைவிட்டுவிட்டன என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய போர்ட்டாக இருந்தால் பழைய 10/100 சுவிட்ச் ஒன்றை நடுவில் வைப்பதே வழி. மூன்று வகை இணைப்பான்களும் (ஆர்ஜே-45, கோஆக்சியல் கேபிளுக்கான பிஎன்சி, ஏயூஐ) உள்ள அட்டையென்றால், அதன் இஇபிராமில் (மின்சாரம் நின்றாலும் அமைப்புகளைக் காக்கும் நினைவகச் சில்லு) கோஆக்சியல் வழி தேர்வாகியிருக்கக்கூடும். அட்டையை வேறு கணினிக்கு மாற்றினாலும் அந்த அமைப்பு அழியாது. அட்டையின் டாஸ் நிரலால் அதை மாற்றலாம்.

வேகக் குறைவுதான் சுவையான சிக்கல். 1990-இன் 10பேஸ்-டி தரத்தில், சும்மா இருக்கும் அட்டை ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பை அனுப்பித் தன் இருப்பை அறிவிக்கும். 1995-இல் 802.3யூ தரத்துடன் வந்த ஆட்டோ நெகோஷியேஷன், அந்த ஒற்றைத் துடிப்பின் இடத்தில் துடிப்புத் தொகுப்பொன்றை வைத்துத் தன் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்பதை) சொல்கிறது. பழைய அட்டையிடமிருந்து ஒற்றைத் துடிப்பே வருவதால் சுவிட்ச் வேகத்தை ஊகித்துவிடும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அனுப்பும் முறை) என்றே கொள்ளும். இது மிக நல்ல ஏற்பாடு என்பேன், அட்டையில் யாரோ ஃபுல் டூப்ளெக்ஸை (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) கட்டாயமாக்கி வைக்காத வரை.

அப்படி வைத்திருந்தால், சுவிட்ச் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அட்டையும் அனுப்பத் தொடங்கும்; சுவிட்ச் அதை மோதலாகக் கருதித் தன் ஃபிரேமை (ஒரு தரவுப் பொதி) பாதியில் நிறுத்தும்; அட்டைக்குச் சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) பிழையுள்ள துண்டுதான் கிடைக்கும். முதல் 64 பைட்டுகளுக்குப் பின் நேரும் தாமத மோதலில் வன்பொருள் மறுபடி அனுப்பும் என்று எதிர்பார்க்க இயலாது. தரவு முழுதாகச் சேர்வதை உறுதிசெய்யும் மென்பொருள் நெறிமுறையான டிசிபிதான் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். வேகம் அங்கேதான் போகிறது. பிங் சிறியது, தனியாக வருவது என்பதால் தப்பித்துவிடும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சென்றால் தாமத மோதல் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டிருந்தால் அட்டையை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு மாற்றுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் நெட்வேர் (நோவெல் நிறுவனத்தின் பழைய சர்வர் மென்பொருள்) சர்வர் மட்டும் தென்படாவிட்டால் கேபிளைக் குறைசொல்ல வேண்டாம். 3.11 பதிப்பின் இயல்பான ஃபிரேம் வகை 802.3, 3.12-இல் அது 802.2, கணினியின் நெட்.சிஎஃப்ஜி கோப்பிலும் அதே வகை இருக்க வேண்டும்.