ஏலக்காய் விளம்பரத்தில் ‘ஃப்ரெஷ்’ என்று போடலாமா?

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான ஆங்கில விளம்பரத்தில் ‘ஃப்ரெஷ் கார்டமம்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்.

அப்படியே எழுதாதீர்கள். உணவுப் பொருளுக்கு முன்னால் ‘ஃப்ரெஷ்’ வந்தால், உலர்த்தாதது, உறைய வைக்காதது, டின்னில் அடைக்காதது என்றுதான் ஆங்கிலக்காரர் முதலில் எடுத்துக்கொள்வார். ‘ஃப்ரெஷ் ஃபிஷ்’ என்றால் கருவாடு இல்லை. அதே கணக்கில், உங்கள் விளம்பரத்தைப் படிப்பவர் செடியிலிருந்து பறித்த பச்சைக் காயை எதிர்பார்க்கக்கூடும். நீங்கள் விற்பதோ ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்த்திய காய். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ கிடைக்கும். விலையிலும் அவருக்குக் குழப்பம் வரும். இந்த வருட விளைச்சல் என்று சொல்ல ‘நியூ கிராப்’ போதும். வியாபாரத்தில் புழங்கும் சொல்லும் அதுதான்.

அரைத்த பொடி விற்றால் ‘ஃப்ரெஷ்லி கிரவுண்ட்’ என்று தாராளமாகப் போடுங்கள். அங்கே ‘இப்போதுதான் அரைத்தது’ என்பது மட்டுமே பொருள்.

தண்ணீரோடு சேர்ந்தால் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான தேக்கடி ஏரியில் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தாலும் அது ‘ஃப்ரெஷ் வாட்டர்’தான், உப்பில்லாதது, நாம் சொல்லும் நல்ல தண்ணீர். அப்புறம், அலுவலகத்தில் ‘ஃப்ரெஷ் அப்ளிகேஷன்’ கேட்டால், பழைய மனுவைத் திருத்தாமல் புதிதாக ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும்.