முன்வாயை அளந்தீர்களா? ரிவால்வர் வார்ப்புக் குண்டின் அளவு: கேள்வி பதில்

படையில் ஆயுதப் பழுதுபார்ப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது குடியிருப்பது கும்பகோணம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் டெல்டாப் பிள்ளைகள் சிலர் அங்கே சுடும் கழகங்களில் சேர்ந்திருக்கிறார்கள். ஈயக் குண்டைக் கடையில் வாங்குகிறார்கள், சிலர் தாங்களே வார்க்கவும் செய்கிறார்கள். எந்த அளவுக் குண்டு என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். ஊரில் உரிமத்துடன் ரிவால்வர் வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, அதற்கென்று உரிமம் பெறாமல் இந்தியாவில் யாரும் தோட்டா தயாரிக்கக் கூடாது. ரிவால்வர் வைத்துக்கொள்ளத் தரும் உரிமம் வேறு, தயாரிப்பு உரிமம் வேறு. ஆகவே வார்ப்பதைப் பற்றிய பதில்கள் அதற்கு அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்.

மன்னார்குடிக்காரர், ஹூஸ்டனிலிருந்து: அண்ணே, என்னுடையது .357 மேக்னம். பெயரைப் பார்த்து 0.357 அங்குல வார்ப்புக் குண்டு வாங்கினேன். ஐம்பது தோட்டா சுடுவதற்குள் குழல் முழுக்க ஈயம் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் கடினமான குண்டு வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. கடினம் என்பது எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து. நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன்.

குண்டு போகும் வழியைப் பாருங்கள். சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறை இருக்கிறது. அந்த அறை முன்பக்கம் குறுகி ஒரு வாயாக முடிகிறது. த்ரோட் என்று சொல்லும் இந்த முன்வாயைத் தாண்டி, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியைக் கடந்து, புனல்போல விரிந்த குழல் தொடக்கத்தில் நுழைந்து, அதன் பிறகுதான் குண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களைப் பிடிக்கிறது. குண்டு முன்வாயைவிடச் சிறியதாக இருந்தால், அதைச் சுற்றிச் சூடான வாயு பீறிட்டுப் போகும். போகிற போக்கில் குண்டின் பக்கங்களை அரித்து, அரித்த ஈயத்தைக் குழலில் பூசிவிடும். உங்கள் குழலில் ஒட்டியிருப்பது இந்த ஈயம்தான்.

மென்மையான குண்டாக இருந்தால் அழுத்தத்தில் அதன் அடிப்பாகம் சற்று விரிந்து இடைவெளியை அடைக்கும். கடினமான குண்டு விரியாது. அளவு தவறிய இடத்தில் கடினத்தைக் கூட்டினால் ஈயம் ஒட்டுவது கூடும். பலர் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: குண்டின் பிரினெல் கடின எண்ணை 1,422ஆல் பெருக்கினால், அதன் அடிப்பாகம் விரியத் தேவையான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 17,000. கணக்குப்படி பன்னிரண்டு கடினம் போதும். உங்கள் .357 மேக்னத்துக்கு 35,000. ஆனால் அதே ரிவால்வரில் இலேசான .38 ஸ்பெஷல் சுடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இருபதுக்கு மேல் கடினமுள்ள குண்டை விற்பது கடைக்காரருக்கு லாபம், குழலுக்கு இல்லை.

அடுத்து அளவு. 0.357 என்பது செம்பு உறை போட்ட குண்டின் அளவு. வார்ப்புக் குண்டுக்கு வழக்கமான அளவு 0.358. அதையும் வழக்கம் என்பதற்காக வாங்காதீர்கள். சிலிண்டரைக் காலி செய்து, காலிதானா என்று இன்னொரு முறை பார்த்து, தனிக் குண்டு ஒன்றை முன்பக்கத்திலிருந்து முன்வாயில் வையுங்கள். தானாக வழுக்கி உள்ளே விழுந்தால் சிறியது. விரலால் அழுத்தினால் சற்றே பிடித்துக்கொண்டு போவதுதான் சரியான அளவு. சுத்தியல் கேட்டால் பெரியது.

கும்பகோணம் லேத் பட்டறைக்காரர்: சார், முன்வாயை வெர்னியர் வைத்து அளந்தால் போதாதா?

போதாது. நம் பட்டறைகளில் இருக்கும் வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவு 0.02 மில்லிமீட்டர். நாம் தேடுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 0.0254 மில்லிமீட்டர். கருவியின் பிழையும் தேடும் வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்று. போதாததற்கு, துளையின் உள்விட்டத்தை வெர்னியரின் தாடை எப்போதும் குறைத்தே காட்டும். ஆயிரத்தில் அரைப் பங்கு அங்குல இடைவெளியில் வரிசையாகக் கிடைக்கும் பின் கேஜ்கள், அதாவது துல்லிய விட்டமுள்ள அளவுக் கம்பிகள்தான் சரியான வழி. எந்தப் பின் போகிறது, எது போகவில்லை என்று பார்த்தால் விடை வந்துவிடும். ஆறு அறை என்றால் ஆறையும் பாருங்கள்.

குழலின் பள்ளத்தை, அதாவது பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள விட்டத்தை, அளக்க வேறு வழி. மென்மையான தூய ஈயத் துண்டுக்கு எண்ணெய் தடவி, குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோலால் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலில் பள்ளம் ஐந்து. பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு நிற்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாற்றும், வி வடிவத் தாடை உள்ளதுதான் வேண்டும். கோல்ட் குழலில் ஆறு பள்ளம், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அளக்கும் பின் செய்வது உங்கள் தொழில், செய்யுங்கள். ரிவால்வரின் பாகத்தை லேத்தில் ஏற்றாதீர்கள். பழுதுபார்ப்புக்கும் தனி உரிமம் வேண்டும்.

ஒரத்தநாடு விவசாயி: ஐயா, என்னிடம் கான்பூரில் செய்த .32 ரிவால்வர் உரிமத்துடன் இருக்கிறது. தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. நாகப்பட்டினத்தில் வலை ஈயம் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. மச்சான் வார்த்துத் தருகிறேன் என்கிறான்.

மச்சானிடம் கும்பிட்டுச் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்று. உரிமமும் போகும், இரண்டு பேர்மீதும் வழக்கும் வரும். அந்த ரிவால்வர் சுடுவது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா. அதன் குண்டு ஏறத்தாழ 0.312 முதல் 0.314 அங்குலம். உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சுட்ட பிறகு குழலில் ஈயம் படிந்தால் துடைத்து எடுங்கள். அடிக்கடி படிந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் முன்வாயை அளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

திருவாரூர்க்காரர், டெக்சாஸிலிருந்து: இரண்டாம் உலகப்போர்க் காலத்து என்ஃபீல்டு .38 வாங்கினேன். .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் 0.358 குண்டையே இதற்கும் பயன்படுத்தலாமா?

பெயரில் முப்பத்தெட்டு இருப்பதால் மயங்காதீர்கள். அந்தத் துப்பாக்கி சுடுவது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற பழைய, குட்டையான, சற்றுத் தடித்த தோட்டா. அதன் குண்டு 0.361 அங்குலம். 0.358 குண்டு அந்தக் குழலில் கலகலவென்று போகும், இலக்கில் குறுக்குவாட்டில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. 0.361 குண்டு தரும் வார்ப்பு அச்சையே தேடி வாங்குங்கள். அழுத்தமும் குறைவான தோட்டா என்பதால் மென்மையான கலவை போதும்.

கும்பகோணத்துக்காரர், ஒஹாயோவிலிருந்து: அப்பா அச்சகம் நடத்தியவர். பழைய அச்செழுத்துகள் வீட்டில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. இங்கே ஒரு நண்பர் அச்செழுத்து ஈயம் கலந்தால் குண்டு பெரிதாக வரும் என்றார். உண்மையா?

உண்மை. சுவாமிமலை ஸ்தபதி உலோகம் குளிரும்போது சுருங்கும் என்று தெரிந்தே மெழுகை வடிப்பதுபோல, குண்டு அச்சு செய்கிறவரும் ஒரு குறிப்பிட்ட கலவையை மனத்தில் வைத்தே துளையைக் கடைகிறார். கலவை மாறினால் குண்டின் அளவும் மாறும். தூய ஈயம் அதிகம் சுருங்கிச் சிறிய குண்டைத் தரும். ஆன்டிமனி என்ற கலப்பு உலோகம் கூடக் கூடச் சுருக்கம் குறையும். லைனோடைப் என்ற அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் எழுத்து வார்க்கும் உலோகம் நூற்றுக்கு 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். கடினம் 22 வரை போகும், தூய ஈயமோ 5தான். ஒரே அச்சில் இரண்டையும் ஊற்றினால் விட்டத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அங்குலம் வித்தியாசம் தெரியும். 0.358 தர வேண்டிய அச்சு 0.357 தந்தால், அச்சை மாற்றுவதற்கு முன் கலவையை மாற்றிப் பாருங்கள்.

கையால் கோக்கும் எழுத்தில் ஆன்டிமனி லைனோடைப்பைவிடவும் அதிகம், அதனால் அது உடையும் தன்மை கொண்டது. அதைத் தனியாக வார்க்கக் கூடாது, மென்ஈயத்தில் கொஞ்சமாகச் சேர்க்கத்தான் ஆகும். இது தொழில் பதில். அப்பாவின் எழுத்துகளை ஒஹாயோவுக்குக் கப்பலேற்றி உருக்குவதா என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழ் எழுத்தை வார்க்கும் பட்டறைகளே அருகிவிட்டன. பழைய பழுதான லைனோடைப் பாளம் அங்கேயே விலைக்குக் கிடைக்கும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வெள்ளீயத்துக்காகப் பாட்டியின் ஈயச்சொம்பை உருக்கலாமா?

ரசத்தை எதில் வைப்பீர்கள்? வெள்ளீயம் தனியாக விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஈயம் உருக்கிய கரண்டியையும் சட்டியையும் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

காரைக்கால்காரர், அரிசோனாவிலிருந்து: என் ரூகர் .45 கோல்ட்டில் 0.452, 0.454 என்று இரண்டு அளவும் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஈயம் ஒட்டுகிறது.

எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் உங்களுக்கு இதே கதைதான் நடக்கும். ரூகரின் .45 கோல்ட் ரிவால்வர்கள் பலவற்றில் முன்வாய் 0.450 அளவுக்கு இறுக்கமாகவும், குழலின் பள்ளம் 0.451, 0.452 என்றும் இருப்பது பலரும் கண்ட குறை. குண்டு முன்வாயில் பிழியப்பட்டு 0.450 ஆகிவிடும். பிழிந்த குண்டு, தன்னைவிடப் பெரிய குழலில் ஓடும். பிறகு வாயு பீறிடுவதும் ஈயம் அப்புவதும் வழக்கம்போல. முன்வாய் பள்ளத்தைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. தேர்ந்த துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து ஆறு முன்வாயையும் ரீமரால் 0.4525க்கு அகலப்படுத்திவிட்டு, 0.452 குண்டு போடுங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய .45 கோல்ட் குழல்களில் பள்ளம் 0.454. அந்த நினைவில்தான் இன்னும் 0.454 குண்டு விற்கிறார்கள், உங்கள் துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

பட்டுக்கோட்டைக்காரர், கலிஃபோர்னியாவிலிருந்து: ஈயம் குழலின் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். தொடக்கத்தில், சிலிண்டரை ஒட்டிய பகுதியில் அப்பியிருந்தால் பெரும்பாலும் குண்டு சிறியது, அல்லது முன்வாய் இறுக்கம். வெளிமுனைப் பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் குண்டில் தடவிய மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் குழலைத் திருகி மாட்டியிருக்கும் இடத்தைத் தாண்டியதும் ஒட்டத் தொடங்கினால், அங்கே குழல் இறுகிப்போயிருக்கிறது. ஈயத் துண்டைத் தள்ளும்போது அந்த இடத்தில் கை தடைபடும்.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்குத் தயாராகிறேன். இந்த அளவெல்லாம் எனக்கு வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். சர்வதேச விதிப்படி காலிபர் என்னும் குழல் அளவு 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதி. பெரும்பாலானோர் .32 லாங்கில் தட்டைமுனைக் குண்டு போட்ட ஆலைத் தோட்டாவைத்தான் சுடுகிறார்கள். விசையை இழுக்கும் விரலைப் பழக்குங்கள்.

மயிலாடுதுறை அம்மா ஒருவர்: என் மகன் அமெரிக்காவில் கார் நிறுத்தும் அறையில் ஈயம் உருக்குகிறான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. புகை ஆபத்து என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் புகையைவிடத் தூசிதான் பெரிய பகை. ஈயம் 327 டிகிரியில் உருகும். வார்க்கும் சூட்டில் அது ஆவியாவது மிகக் குறைவு. மேலே மிதக்கும் சாம்பல்போன்ற கசடு கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வருவதுதான் குழந்தைக்குக் கெடுதல். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வேலை முடிந்ததும் உங்கள் மகன் உடையை மாற்றி, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். அவருக்கும் குழந்தைக்கும் இரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை செய்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்று: உருகிய ஈயத்தில் ஈரமான துண்டு விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். குழந்தை பெரிதாகும்வரை வார்த்த குண்டைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நீடாமங்கலத்துக்காரர், வர்ஜீனியாவிலிருந்து: அளந்துவிட்டேன் ஐயா. ஐந்து முன்வாய் 0.358, ஒன்று மட்டும் 0.3595. எதற்கு ஏற்ப வாங்குவது?

பெரியதற்கு நெருக்கமாக 0.359 வாங்கிப் பாருங்கள். மென்மையான குண்டு மற்ற ஐந்திலும் பிழிந்துகொண்டு போகும். ஆனால் அந்தக் குண்டு வைத்த தோட்டா ஆறு அறையிலும் தானாகச் சறுக்கி உட்கார வேண்டும். ஏதாவது ஒன்றில் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள நேர்ந்தால் சுடாதீர்கள். சுடும்போது தோட்டாவின் கூடு விரிந்து குண்டை விடுவிக்க இடம் வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறும். அப்படியானால் 0.358க்கே திரும்பிவிடுங்கள். அந்த ஒற்றை அறைக்கு ஒரு மைப்புள்ளி வைத்து, போட்டியில் ஐந்து தோட்டா மட்டும் போடுங்கள்.