20 ஆண்டுகள் கழித்து ஆர்.சி. விமானம்: விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

கேள்வி: கல்லூரிக் காலத்தில் ரேடியோ கண்ட்ரோல் விமானம் பறக்கவிட்டவன் நான். வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. பரணில், விமானத்தை இயக்கும் பழைய 72 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரும், மெத்தனாலில் ஓடும் ஒரு குட்டி குளோ எஞ்சினும் கிடக்கின்றன. இவற்றை வைத்தே மறுபடியும் தொடங்கலாமா?

பதில்:

தொடங்கலாம். ஆனால் இவற்றை வைத்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்தும் வேண்டாம். இரண்டையும் முயன்று பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

நான் 2003-இல் விட்டு 2022-இல் திரும்பியவன். என்.சி.சி. விமானப் பிரிவில், இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் விமானத்தைக் கட்டி, நடுவில் நின்று தலைசுற்றச் சுற்றிப் பழகிய தலைமுறை. பிறகு ரேடியோவுக்கு மாறினோம். படிப்பு முடியும் காலத்தில் தலைகீழாகப் பறக்கவிட்டு, கால் சட்டைப் பையில் கைவைத்துக்கொண்டு நிற்காத குறையாகத் திரிந்தேன். அந்த நினைப்பு அப்படியே இருந்ததுதான் வினை. திரும்பியதும் பயிற்சி விமானத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இறக்கை கீழே பொருத்திய, சாகசத்துக்கான ஃபோம் விமானம் ஒன்றை வாங்கினேன். மேலூர் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில், மார்ச் மாதக் காலை ஏழு மணிக்கு ஏற்றினேன். அருமையாக ஏறியது. ஒரு வளைவு எடுத்து என்னை நோக்கித் திரும்பியது. இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்த்துவதாக நினைத்து ஸ்டிக்கைத் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். சீமைக் கருவேலங் காட்டுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. மொத்தம் 40 வினாடி இருக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முள்ளுக்குள் புகுந்து ஒற்றை இறக்கையை எடுத்துவந்து கொடுத்தார். "தம்பி, இது இப்படித்தான் இறங்குமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நடந்தது இதுதான். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது நம் வலது. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நம் இடது. இருபது வயதில் இதை யோசித்ததே இல்லை, விரல் தானாகச் செய்தது. இருபது ஆண்டில் விரல் அதை மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்பதுகூட அதற்குத் தெரியவில்லை. புதிதாகப் பழகுபவன் பயத்தோடு மெல்லத் தள்ளுவான். நாமோ முழு நம்பிக்கையோடு தவறான பக்கம் தள்ளுவோம். பழைய தந்திரம் ஒன்று உண்டு, அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. எது வலம் எது இடம் என்ற கணக்கே வேண்டாம்.

அடுத்த ஒரு மாதம் விமானத்தைத் தொடவில்லை. டிரான்ஸ்மிட்டரை யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் இணைத்து, இரவு அரை மணி நேரம் சிமுலேட்டரில் பழகினேன். பிகாசிம் போன்றவை இலவசம். காசு கொடுத்து வாங்கும் ரியல்ஃபிளைட் இன்னும் தத்ரூபமாக இருக்கும். நமக்கு வேண்டியது அந்த இட வலக் குழப்பம் தீர்வது மட்டும்தான், அதற்கு இலவசமே போதும். பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் மகள் தலை நிமிராமலே "மறுபடியும் விழுந்துவிட்டதா அப்பா?" என்பாள். அவள் கேட்பது நின்ற வாரத்தில்தான் கண்மாய்க்குத் திரும்பினேன், இந்த முறை இறக்கை மேலே பொருத்திய சாதுவான பயிற்சி விமானத்தோடு.

இனி உங்கள் பரணுக்கு வருவோம். அந்த டிரான்ஸ்மிட்டரை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி இந்நேரம் கசிந்து கம்பிகளைக் கருப்பாக அரித்திருக்கும். அதை மாற்றினாலும் 72 மெகாஹெர்ட்ஸின் அடிப்படைக் கோளாறு போகாது. ஞாபகம் இருக்கிறதா, ஆளுக்கொரு அலைவரிசைக் கிரிஸ்டல், பலகையில் நம் சேனல் எண் எழுதிய கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும் என்ற சட்டம்? அதை மறந்து அதே சேனலில் ஒருவர் சுவிட்ச் போட்டதால், என் நண்பன் மூன்று மாதம் ராவி ஒட்டிய பால்சா மர விமானம் கண்ணெதிரே செங்குத்தாக இறங்கியது. இப்போது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரும் விமானத்திலுள்ள ரிசீவரும் ஒரு முறை பைண்டு செய்துகொண்டால், அதாவது ஜோடி சேர்ந்துவிட்டால், ஒன்றின் பேச்சை மற்றொன்று மட்டுமே கேட்கும். பத்துப் பேர் ஒரே மைதானத்தில் நின்று பறக்கவிட்டாலும் கிளிப்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நான் வைத்திருப்பது ஃபிளைஸ்கை நிறுவனத்தின் ஆறு சேனல் கருவி (இங்கே சேனல் என்பது அலைவரிசை அல்ல, தனித்தனிக் கட்டுப்பாடு). நம் காலத்து விலையோடு ஒப்பிட்டால் சும்மா கொடுப்பதுபோல. ஒன்றே ஒன்று: முதல் நாளே ஃபெயில்சேஃப் அமைப்புக்குள் போய், சிக்னல் அறுந்தால் திராட்டில், அதாவது மோட்டாரின் வேகம், சுழிக்கு வரும்படி வைத்துவிடுங்கள்.

எஞ்சின் விஷயம் மனத்துக்குக் கஷ்டமானது. இறுகிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். பழைய விளக்கெண்ணெய் கோந்தாக உறைந்திருக்கும். தலை உலர்த்தியால் சூடேற்றி மெல்லச் சுழற்றினால் பெரும்பாலும் இளகிவிடும். பலவந்தமாகத் திருகாதீர்கள். ஆனால் எரிபொருளுக்கு எங்கே போவீர்கள்? அந்தக் காலத்தில் மெத்தனால் நான்கு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு என்று கலந்தோம். தமிழ்நாட்டில் மெத்தனால் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், உரிமம் இல்லாமல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேரைக் கொன்றது இதே மெத்தனால்தான். ஒரு பொழுதுபோக்குக்காக அதைக் கேனில் வைத்துக்கொண்டு திரிய எனக்கு மனம் வரவில்லை. என் எஞ்சின் புத்தக அலமாரியில் இருக்கிறது. எப்போதாவது மோந்து பார்ப்பேன், இன்னும் அந்த வாசனை இருக்கிறது.

அதனால் மின்சாரம். பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. சட்டையில் எண்ணெய் இல்லை, குளோ பிளக் சூடேற்றும் வேலை இல்லை, விரலைப் பதம்பார்க்கும் கைச்சுழற்று இல்லை. ஆனால் கவனம்: எஞ்சினாவது சத்தம் போட்டு எச்சரிக்கும். பேட்டரி இணைத்த மோட்டார் சத்தமே இல்லாமல் இருந்து, முழங்கை திராட்டிலில் பட்டதும் சீறும். புரொப்பெல்லரைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் மேசையில் எதையும் சோதிக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை உங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள், பக்கவாட்டில் வேண்டாம்.

லிப்போவை அரிசி மூட்டைபோல எங்கும் போட்டுவைக்க முடியாது. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3.3-க்குக் கீழே இறக்கிப் பழக்காதீர்கள். வாரக்கணக்கில் பறக்கவிடப் போவதில்லை என்றால் 3.8-இல் நிறுத்திவையுங்கள். நிறைத்தபடியே மாதக்கணக்கில் போட்டு வைத்து என் முதல் இரண்டு பேட்டரிகளை உப்பவிட்டேன். உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். நான் மொட்டைமாடி நிழலில், மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன். மனைவிக்கு அந்தச் சட்டி போனதில் இன்னும் வருத்தம்.

வயதைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண். நாற்பதைத் தாண்டியவருக்கு 100 மீட்டருக்கு அப்பால் வெள்ளை விமானம் வெறும் கோடாகத் தெரியும், போகிறதா வருகிறதா என்றே விளங்காது. இறக்கையின் அடியில் கருப்புப் பட்டை ஒட்டுங்கள், மேல்பக்கம் பளிச்சென்ற ஆரஞ்சு. நான் புரோகிரசிவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்கிறேன். டிரான்ஸ்மிட்டர் திரையிலுள்ள எழுத்து தெரியாது, பரவாயில்லை. பறக்கும்போது அதைப் பார்த்து என்ன செய்யப்போகிறோம்?

சட்டம் நம் காலத்தில் இல்லாதது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் நம்முடையதும் அடங்கும். கண்பார்வை எல்லைக்குள், பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல்) தேவையில்லை. 2 கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்க வேண்டும், அங்கும் உயரம் 400 அடிக்குள். விமான நிலையச் சுற்றுப்புறத்தில் கட்டுப்பாடு கூடுதல். மதுரையை விட்டு மேலூர் பக்கம் நான் போவதற்குக் காரணம் கண்மாயின் அழகு மட்டுமல்ல.

காலம் தெரியாதவரா நீங்கள்? இருந்தாலும் சொல்கிறேன், ஆடியில் பெட்டியைத் திறக்காதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் 800 கிராம் ஃபோம் எம்மாத்திரம். மாசி, பங்குனியில் எட்டரை மணிக்கு முன்னால்தான் நமக்கான வானம். அதன் பிறகு தரை சூடேறி விமானத்தைத் தூக்கிப்போடும். பருந்துகளும் அப்போதுதான் வட்டமிட வரும், சில சமயம் கூடவே பறந்து வேவு பார்க்கும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டேன், ஒரு நல்ல செய்தியும் உண்டு. திரும்பி வந்த இரண்டாம் மாதம், உயரத்தில் இருக்கும்போது மோட்டார் நின்றுவிட்டது. பேட்டரி கம்பியின் ஈயப்பற்று விட்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. ரிசீவருக்கு நல்லவேளையாகத் தனி பேட்டரி வைத்திருந்தேன். கூட நின்ற இளைஞர், சிமுலேட்டரில் என்னைவிடக் கெட்டிக்காரர், "சார், போச்சு" என்றார். எனக்கோ விரல் தானாக மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்கும் நேரம் வரை, மூக்கை உயர்த்தும் எலிவேட்டரை இழுக்கவில்லை. ஒரே வளைவில் காற்றுக்கு எதிராகத் திரும்பி, ஆடுகளுக்கு இந்தப் பக்கமாகவே கொண்டுவந்து உட்காரவைத்தேன். குளோ எஞ்சின் வாரம் இருமுறை நடுவானில் அணைந்துபோன காலத்தில் கற்றது, அது மட்டும் எங்கேயும் போகவில்லை. உங்களுக்குள்ளும் அது இருக்கும். ஆனால் அது வெளியே வரும்வரை விமானம் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்குத்தான் பயிற்சி விமானம்.

வாங்கும்போது புரொப்பெல்லரை மட்டும் ஒன்றாக வாங்காதீர்கள். ஐந்து வாங்குங்கள். நான் இரண்டு வாங்கி, ஒரே காலையில் இரண்டும் ஒடிந்து, எட்டு மணி வரை ஆடு மேய்ப்பவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.