பின்னத்தில் வாக்கியக் கணக்கு: டீச்சரிடம் கேளுங்கள்

பின்னங்களின் கூட்டல், கழித்தல் கணக்குகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பற்றி, கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பெற்றோர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கடலூரில் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை.

முத்தியால்பேட்டையிலிருந்து: என் பெண் ஆறாம் வகுப்பு. 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறாள் டீச்சர். எவ்வளவு திருத்தினாலும் மறுநாள் அதே தப்பு.

அவள் போடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது அம்மா. ஒரு தேர்வில் 2 கேள்வியில் 1 சரி, அடுத்த தேர்வில் 3 கேள்வியில் 1 சரி என்றால் மொத்தம் 5 கேள்வியில் 2 சரிதானே? அங்கே ஒவ்வொரு தேர்வும் தனி முழுசு. பின்னக் கூட்டலில் இரண்டுமே ஒரே முழுசின் துண்டுகள். "அரை லிட்டர் பாலோடு இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரை லிட்டரைவிடக் குறைந்துவிடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அவளே அடித்துவிட்டு மறுபடி போடுவாள். விடை அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா என்று பேனா எடுக்கும் முன்பே சொல்ல வையுங்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் அப்புறம்தான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: 'மொத்தம், அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி, குறைவு' வந்தால் கழி என்று டியூஷனில் சொல்லித் தருகிறார்கள். சரிதானே?

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத குறுக்குவழி இது. இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: "அக்கா 3/4 கிலோ முந்திரி வாங்கினாள். அது தம்பி வாங்கியதைவிட 1/8 கிலோ அதிகம். தம்பி வாங்கியது எவ்வளவு?" 'அதிகம்' என்று பார்த்ததும் கூட்டி 7/8 என்பார்கள். தம்பி வாங்கியதுதான் குறைவு. விடை 5/8 கிலோ. அக்காவுக்கு ஒரு நீளப் பட்டை, அதன் கீழே தம்பிக்கு ஒரு குட்டைப் பட்டை வரையச் சொல்லுங்கள். கூட்டுவதா கழிப்பதா என்று படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

பண்ருட்டியிலிருந்து: "4½ கிலோ பலாச்சுளையில் 1/3 பங்கு விற்றால் மீதி எவ்வளவு?" பையன் 4½-இலிருந்து 1/3-ஐக் கழித்து 4⅙ என்று போட்டான். கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு என்று வந்துவிட்டது.

கழித்தது சரி, கழித்த பொருள்தான் தப்பு. 1/3 கிலோ என்றால் அளவு. 1/3 பங்கு என்றால், எதில் பங்கு என்று கேட்டாக வேண்டும். 4½ கிலோவில் மூன்றில் ஒரு பங்கு 1½ கிலோ. மீதி 3 கிலோ. வாக்கியக் கணக்கில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளும் இதற்குத் தப்புவதில்லை.

என் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு: கணக்கில் வரும் ஒவ்வொரு பின்னத்துக்கும் பக்கத்தில் கிலோவா, லிட்டரா, மணியா என்று எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அது பங்கு, 'எதில்?' என்று வட்டம் போட வேண்டும். இன்னொரு வகையும் வரும். "ஒரு தோட்டத்தில் 1/2 பங்கு முந்திரி, 1/3 பங்கு பலா, மீதி காலி" என்றால் இரண்டுமே ஒரே தோட்டத்தின் பங்கு. அப்படியே கூட்டி 1-இலிருந்து கழிக்கலாம்: 1/6 பங்கு காலி. அதையே "மீதியில் 1/3 பங்கு பலா" என்று மாற்றினால் விடை 1/3 ஆகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வரையச் சொல்லுங்கள், நூறு தடவை விளக்குவதைவிட நன்றாகப் பதியும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா: பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளை, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்களை, எதற்குச் சமமாக்க வேண்டும் என்று பேரன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐயா, உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது. பழைய படி, உழக்கு கிடந்தால் எடுங்கள். உரி அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு 1/8 படி. மூன்றிலும் ஒவ்வொன்று அரிசி அளந்து சேர்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஆழாக்கால் அளந்து பார்ப்பான்: 4, 2, 1. ஆக 7 ஆழாக்கு, அதாவது 7/8 படி. பொதுப் பகுதி காண்பது இவ்வளவுதான்.

கடலூர் முதுநகரிலிருந்து: 5¼ − 2⅔ மாதிரி கணக்கில் கடன் வாங்கும்போது தடுமாறுகிறாள்.

கடன் வாங்காமலே போடலாம். கடைக்காரர் சில்லறை எண்ணித் தருவதுபோல் கீழிருந்து மேலே எண்ணட்டும். 2⅔-இலிருந்து 3 வரை 1/3. 3-இலிருந்து 5 வரை 2. அப்புறம் 1/4. சேர்த்தால் 2 7/12. தகா பின்னமாக்கி (5¼-ஐ 21/4 என்று எழுதி) கழிக்கும் முறையையும் பிறகு கற்கட்டும், தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு.

லாஸ்பேட்டையிலிருந்து: யூடியூபில் பார்த்த பட்டாம்பூச்சி முறை போதாதா?

மேல் எண்களைக் குறுக்கே பெருக்கிக் கூட்டி, கீழ் எண்கள் இரண்டையும் பெருக்கிக் கீழே போடுவதுதானே? விடை சரியாகத்தான் வரும். ஆனால் 5/12 + 7/18-ஐ அப்படிப் போட்டால் 174/216 என்று வந்து நிற்கும். அதைச் சுருக்குவதற்குள் பாதிப் பிள்ளைகள் தப்பு செய்வார்கள். மீ.சி.ம. 36 எடுத்தால் நேராக 29/36. மூன்று பின்னம் வந்தால் பட்டாம்பூச்சி பறக்காது.

விருத்தாசலத்திலிருந்து: தினம் எத்தனை கணக்கு போட வைக்கலாம்?

இரண்டு போதும். ஒன்று அவன் போடட்டும். இன்னொன்றுக்கு 3/4 − 1/3 என்று மட்டும் எழுதிக் கொடுத்து, கதையை அவனையே சொல்லச் சொல்லுங்கள். "முக்கால் லிட்டர் எண்ணெயிலிருந்து 1/3 லிட்டர் எடுத்துவிட்டோம்" என்றால் புரிந்திருக்கிறது. "முக்கால் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு" என்றால் பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதை அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.