கேன் தண்ணீரில் மறுநாளே வாடை: கோளாறு எங்கே?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறோம். குடிக்க 20 லிட்டர் கேன்தான். ஒரு கேன் மூன்று நாள் வரும். மாட்டிய அன்று நன்றாக இருக்கும் தண்ணீர் மறுநாளே பாசி வாடை அடிக்கிறது. ஒரு கேனின் கழுத்தில் பச்சையாகவும் இருந்தது. கேன் போடும் தம்பி மீட்டரை வைத்துக் காட்டி, “டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 38தான் சார், சுத்தமான தண்ணி” என்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. கேனை நம்பலாமா?

பதில்: முதலில் அந்த மீட்டரை ஒதுக்கி வையுங்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி அது. கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு குடம் கேன் தண்ணீரில் அரை ஸ்பூன் சாக்கடை நீர் விழுந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. 38 என்றால் ஆலையின் ஆர்.ஓ. சவ்வு உப்பைப் பிரிக்கிறது என்று மட்டுமே பொருள். பாட்டில் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரத்தில் டி.டி.எஸ். உச்சவரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கிருமி விஷயத்தில்தான் அந்தத் தரம் கறாரானது: 250 மி.லி. தண்ணீரில் கோலிஃபார்ம், ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் கிருமிகள்) ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மறுநாள் வாடை வருவதற்குக் காரணம் உண்டு. மெட்ரோ வாட்டரில் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீரில்) குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வழியில் எது கலந்தாலும் ஓரளவு எதிர்த்து நிற்கும். கேன் தண்ணீரில் அந்தக் காவல் இல்லை. ஆலையில் கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுகிறது. பிறகு ஆர்.ஓ., அதற்குப் பின் கிருமியைக் கொல்ல ஓசோன் வாயு, யு.வி. (புற ஊதா) ஒளி. ஓசோன் சில மணி நேரத்தில் மறைந்துவிடும், யு.வி. அந்த நொடியோடு சரி. ஆகவே அதன் பிறகு உள்ளே போகும் கிருமி தடையில்லாமல் பெருகும், அதுவும் சென்னை வெயிலில். எங்கிருந்து போகிறது? சரியாகக் கழுவாத கேன், அல்லது உங்கள் டிஸ்பென்சர். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எது என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். மூடியுள்ள இரண்டு சிறிய எவர்சில்வர் பாத்திரங்களில் ஐந்து நிமிடம் தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். புதுக் கேனைத் திறந்ததும், டிஸ்பென்சரில் மாட்டுவதற்கு முன்பே, ஒரு பாத்திரத்தில் நேராக ஊற்றி மூடி, டிஸ்பென்சர் பக்கத்திலேயே வையுங்கள். மறுநாள் காலை டிஸ்பென்சர் குழாயில் இன்னொரு பாத்திரம் பிடித்து, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். இரண்டும் வாடை அடித்தால் கோளாறு கேனில். குழாயில் பிடித்தது மட்டும் என்றால் டிஸ்பென்சரில்.

டிஸ்பென்சரில்தான் என்றால் வியப்பதற்கில்லை. கேனைக் கவிழ்க்கும்போது கழுத்தின் வெளிப்புறம் தண்ணீருக்குள் முங்குகிறது. தெருத் தூசி, வண்டியில் ஏற்றி இறக்கிய கைகளின் அழுக்கு எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும். மூடியை உரிப்பதற்கு முன், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் கழுத்தையும் தோளையும் அழுத்தித் துடையுங்கள். குழாயைக் கழற்றி வாஷருக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுவென்று ஒட்டினால் அது கிருமிகள் கட்டிய படலம். வெறுமனே அலசினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கேன்மேல் செருகும் சார்ஜர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதன் சிலிக்கான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் அதை வாங்கிய நாளிலிருந்து கழுவியதே இல்லை.

தேய்த்த பிறகு, 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் (5 மி.லி.) வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) கலந்து டிஸ்பென்சரை நிரப்புங்கள், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். குழாய் வழியாகவும் கொஞ்சம் ஓடவிட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். இதோடு வினிகரோ ஆசிட்டோ சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். வெயில் காலத்தில் ஹைப்போகுளோரைட் சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். மண்பானை டிஸ்பென்சர் குளோரினை உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கொதிநீர் விட்டுத் தேய்த்து நல்ல வெயிலில் காயவைப்பதே சரி. எந்த டிஸ்பென்சரானாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படிச் சுத்தம் செய்தால் போதும்.

கேனில்தான் கோளாறு என்றால் அந்தப் பச்சையே சாட்சி. அது பாசி. பாசி பிள்ளையின் வயிற்றைக் கெடுக்காமல் போகலாம். ஆனால் கேன் சரியாகக் கழுவப்படவில்லை, வெயிலில் கிடந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. உள்ளே கீறல் விழுந்து மங்கிய கேனைத் திருப்பி அனுப்புங்கள். கீறலுக்குள் பிரஷ் போகாது, கிருமி போகும். கழுத்து சீல் முழுசாக இருக்க வேண்டும். தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் அழியாமல் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 அக்டோபரில் நீக்கியது; அடுத்த மாதமே பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுகள் பட்டியலில் சேர்த்தது. முத்திரை உள்ள கேன் என்றால் அதிலுள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, முத்திரை தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் லேபிளோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கேன் வேண்டாம்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பரிசோதனைக் குப்பி கிடைக்கும். குறியிட்ட அளவு தண்ணீர் ஊற்றி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கறுக்காததால் எல்லாம் சரி என்று முடிவுகட்டவும் வேண்டாம். உறுதியான முடிவுக்கு ஆய்வகம்தான். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. கிருமிநீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

முடிவு தெரியும்வரை பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். மூடி ஆறவைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். பேதியோடு காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல், சோர்வு என எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஆலைமீது நடவடிக்கை வேண்டுமென்றால் திறந்த கேன் உதவாது. அதே பேட்ச் எண் உள்ள, சீல் உடையாத கேனை லேபிளோடு படம் எடுத்து வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். பரிசோதிக்கப் போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் தரக்குறைவு என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.